முதல் எது?

கணக்குத் தணிக்கையாளனாக முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். புதிதாக ஒருவர் தம் வணிகக் கணக்கை என்னிடம் கொண்டுவரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "முதல் எவ்வளவு?" என்பதுதான். பெரும்பாலோர் ஒரு தொகையைச் சொல்வார்கள். சிலர் மனைவியின் நகையை அடகு வைத்ததையும், மைத்துனரிடம் கைமாற்று வாங்கியதையும் விரல்விட்டுக் கூட்டிச் சொல்வார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவர்தான் தொகை எதுவும் சொல்லாமல் வேறு பதில் சொன்னார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், காய்கறிச் சந்தையை ஒட்டி இட்லிக் கடை நடத்தி வந்தவர். நான் அலுவலகம் திறந்த புதிது. "முதலா? எனக்கு என்ன பெரிய முதல் இருக்கு தம்பி! இந்த இடமும் விடியக்காலம் நாலு மணியுந்தான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். இட்லிக் கொப்பரை, கிரைண்டர், பெஞ்சுகள், கடைக்குக் கொடுத்த முன்பணம், அரிசி உளுந்து இருப்பு எல்லாவற்றையும் மதிப்பிட்டு, 38,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டேன். கூட்டலில் பிழை இல்லை. பிழை எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

அதைச் சொல்லும் முன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தமிழில் 'முதல்' என்ற மூன்றெழுத்துச் சொல் சுமக்கும் பொருள்களை அகராதியில் எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். தொடக்கம், வரிசையில் முன்னிற்பது, காரணம், கடவுள், வேர், மரத்தின் அடிப்பகுதி, வணிகத்தில் இடும் பணம் ஆகிய அனைத்தும் முதல்தான். 'காலை முதல் மாலை வரை' என்னும்போது அது வெறும் உருபாகி ஒதுங்கிக்கொள்கிறது. இலக்கண ஆசிரியர்கள் வினையின் பகுதியை 'முதனிலை' என்றார்கள். 'முதலீடு' என்ற சொல்லில் உள்ள 'ஈடு', 'இடு' என்ற முதனிலை நீண்டு பிறந்தது. ஆக, முதலை இடுவதைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே ஒரு முதனிலை இருக்கிறது. 'முதல்' என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் 'முதலை' ஆகிவிடும் என்பதை வைத்து எங்கள் தமிழாசிரியர் ஒரு வேடிக்கை சொல்வார். "முதலை விழுங்கிவிட்டது" என்று ஒரு வணிகர் அழுதால், ஆற்றுக்குப் போவதா வங்கிக்குப் போவதா என்று கேட்க வேண்டுமாம்.

பிற மொழியினரும் இந்தப் பொருளை ஏறக்குறைய இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் முதலைக் குறிக்கும் 'கேபிடல்' என்ற சொல், தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடனின் அசலைக் குறிக்கும் 'பிரின்சிபல்', முதன்மையானது என்ற பொருளுடைய சொல். நாம் எழுதும் 'மூலதனம்' வடமொழி. அங்கே மூலம் என்றால் வேர். மலையாளத்தில் 'முதல்' என்றால் சொத்து. இலங்கைச் சிங்களவர்கள் பணத்தையே 'முதல்' என்றும், கடை வைத்திருப்பவரை 'முதலாளி' என்றும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தலை, வேர், அடி என்று எங்கே தொட்டாலும் கருத்து ஒன்றுதான். கிளையையும் கனியையும் வெட்டலாம். இதை வெட்டினால் மரம் இல்லை.

திருவள்ளுவர் தம் நூலின் முதல் குறளிலேயே இச்சொல்லை இரண்டு முறை ஆண்டிருக்கிறார். அங்கே அது தொடக்கத்தையும் இறைவனையும் சுட்டுகிறது. பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்திற்கு வரும்போது அதே சொல் வணிகரின் கைப்பணமாகிவிடுகிறது. வரப்போகும் ஆதாயத்தை எண்ணி, இருக்கும் முதலையும் தொலைக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறார். எனக்கு இதைவிட வியப்பளிப்பது 449ஆம் குறள். முதல் இல்லாத வணிகருக்கு ஊதியம் இல்லாததுபோல, தாங்கி நிற்கும் பெரியோரின் துணை இல்லாதவருக்கு நிலைபேறு இல்லை என்பது அதன் கருத்து. அரசனுக்கு அறிவுடையோர் துணை எதுவோ, அதுவே வணிகருக்கு முதல் என்று ஒப்பிடுகிறார். முதல் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று நிற்பதற்கு எது தாங்கலோ அது முதல் என்று இதை நான் வாசித்துக்கொள்கிறேன்.

முதலைப் பேணுவது எப்படி என்பதற்கு என் தொழில்சார்ந்த பாடநூல்களில் உள்ள எந்த விளக்கத்தையும்விடத் தெளிவான ஒன்று சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்புபவர் நெய்க்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு!

ஆடு சாகாமல் இருக்குமா? சாகும், கிழடு தட்டும், நோய் வரும். ஆனால் கணக்கில் சாகக்கூடாது. செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளிலிருந்து ஒன்றை மந்தையில் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காத்த பிறகு எஞ்சுவதுதான் இடையரின் ஊதியம். இன்று நாங்கள் 'தேய்மானம்' என்ற பெயரில் செய்வது இதைத்தான். இயந்திரம் ஆண்டுதோறும் மூப்படைகிறது. அந்த மூப்பின் அளவை வருவாயிலிருந்து ஒதுக்கிய பிறகே மிச்சத்தை இலாபம் எனலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 123ஆவது பிரிவு, தேய்மானத்தைக் கழித்த பிறகு நிற்கும் இலாபத்திலிருந்தே பங்காதாயம் வழங்க வேண்டும் என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டியதும் இன்று சட்டப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதும் ஒரே விதி: மந்தையைத் தின்னாதே.

ஆனால் மந்தையைத் தின்பவர் யாரும் தாம் தின்பதை அறிந்து தின்பதில்லை. சிறு வணிகர்களின் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து நான் அறிந்தது இது. ஒரு மளிகைக் கடையில் நாள் விற்பனை 10,000 ரூபாய் என்றால், அதில் 8,800 ரூபாய் மறுநாள் சரக்கு வாங்கப் போக வேண்டிய பணம். வாடகையும் மின்கட்டணமும் ஆள் கூலியும் போக வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது ஐந்நூறோ அறுநூறோதான். ஆனால் கல்லாப்பெட்டியில் ஆடு வேறு நெய் வேறு என்று பிரிந்து கிடப்பதில்லை. எல்லாம் ஒரே நோட்டுகள். மகளின் சடங்கு வருகிறது, இரண்டு நாள் விற்பனை போகிறது. பண்டிகை வருகிறது, ஒரு நாள் விற்பனை போகிறது. அலமாரியில் முன்வரிசை நிறைந்திருக்கும், பின்வரிசை காலியாகும். மொத்த வியாபாரியிடம் கடன் நாள் நீளும். கடை மூடும் நாளில் உரிமையாளர், "வியாபாரம் நல்லாத்தான் நடந்தது, எப்படிப் போச்சுன்னே தெரியலை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இதைவிடக் கொடிய வகை ஒன்றும் உண்டு. 1990-களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன. என் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பணிக்கொடையில் இரண்டு இலட்சம் ரூபாயை அப்படி ஒன்றில் போட்டார். மாதம் மூன்று சதவீத வட்டி. ஒன்றாம் தேதி தவறாமல் 6,000 ரூபாய் உறையில் வைத்து வீட்டுக்கே வந்துவிடும். பதினான்கு மாதங்கள் வந்தது. அந்தப் பணத்தில் பேத்திக்குக் கொலுசு வாங்கினார், காசிக்குப் போய்வந்தார். பதினைந்தாம் மாதம் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. "84,000 ரூபாய் வட்டி வாங்கியாச்சு சார், முதல்தான் போச்சு" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார். அவர் பெற்றதில் ஒரு ரூபாய்கூட வட்டி இல்லை. அவருடைய முதலையும் அவருக்குப் பின் வந்தவர்களின் முதலையும் துண்டு துண்டாக நறுக்கி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை அவரிடம் விளக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய ஏமாற்றுகளைத் தடுக்க 1997இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, உறைகள் இப்போது கைப்பேசிச் செயலிகள் வழியாக வருகின்றன.

முதல் உருமாறும்போது அதை அடையாளம் காண்பது தேர்ந்த வணிகருக்கும் கடினம். பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாண்டுத் தவணையில் முகவர்களை அனுப்பி, வரவு செலவைக் காசு பிசகாமல் எழுதி, கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்திற்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்த பணம் திரும்பி வர வேண்டும், மீண்டும் போக வேண்டும் என்பதே அவர்கள் தொழில். நிலம் சேர்ப்பது அன்று. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை. ஈடாக நிலம் வந்தது. முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் ஏறக்குறைய 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் 25 சதவீதம். ஏட்டில் சொத்து பெருகியது. உண்மையில் ஓடிக்கொண்டிருந்த முதல் சேற்றில் உறைந்துபோனது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பர்மா விடுதலை பெற்ற 1948இல் நிலம் நாட்டுடைமைச் சட்டமும் வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிலம் பர்மிய உழவரின் முதல். ஒருவருக்கு வேண்டாத ஈடாக வந்து சேர்ந்தது, இன்னொருவர் காலுக்குக் கீழிருந்த அடிப்பகுதி. இருவருமே முதல் இழந்தவர்கள்.

இப்போது இட்லிக் கடைக்கு வருகிறேன்.

கடையில் கூட்டம் குறையவில்லை. அண்ணாச்சி கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்தது. தேர்வில் தேறிய மிடுக்கோடு நான்தான் யோசனை சொன்னேன். சந்தைச் சந்துக்குள் எத்தனை நாள் இருப்பது? நெடுஞ்சாலையில் புதுக் கட்டடம் ஒன்று வாடகைக்கு வருகிறது. மேசை நாற்காலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஓர் உணவகம் நடத்தலாம். திட்ட அறிக்கையை நானே தயாரித்தேன். வங்கி நான்கு இலட்சம் கடன் கொடுத்தது. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார் அண்ணாச்சி. அந்தச் சொற்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

அவருடைய வாடிக்கையாளர்கள் யார் என்று நான் கேட்டதே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர்கள், கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொண்டுவரும் உழவர்கள், முதல் பேருந்தை எடுக்கும் ஓட்டுநரும் நடத்துநரும். அந்த நேரத்தில் அந்த ஊரில் வேறு எங்கும் அடுப்பு எரியவில்லை. மூட்டை தூக்கிய கையோடு வந்து, நின்றுகொண்டே எட்டு இட்லி தின்றுவிட்டுப் போவார்கள். நெடுஞ்சாலைக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? வந்தாலும் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவார்கள்? மாவு ஆட்டி, சாம்பார் வைத்த அக்கா ஒருவர் இருந்தார். வீடு சந்தைக்குப் பின்புறம். இரவு மூன்று மணிக்குத் தனியாக நெடுஞ்சாலை வரை நடந்துவர அவரால் முடியாது என்றார். சம்பளத்துக்கு வேறு சமையல்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் மேசைகள் நிறைந்தன. இரண்டரை ஆண்டுகளில் உணவகத்தை மூடினோம். வங்கிக் கடனுக்கு அண்ணாச்சியின் மனைவி வழிவந்த அரை ஏக்கர் வயல் போயிற்று. சந்தையோரத்துப் பழைய இடத்தில் அதற்குள் உரக்கடை வந்துவிட்டது.

அந்த ஆண்டுக் கணக்கை முடித்த இரவில் எதற்காகவோ தொல்காப்பியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போட்டித் தேர்வுக்குப் படித்த என் தம்பியின் புத்தகம் அது. அகத்திணையியலில் முதல், கரு, உரி என்ற பகுப்பு வருகிறது. கரு என்பது உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் போன்றவை. முதல் என்பது நிலமும் பொழுதும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பாடம்தான். அன்று அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இந்த இடமும் விடியக்காலம் நாலு மணியும் என்று அண்ணாச்சி சொன்னது வேடிக்கைப் பேச்சு அன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதர் இலக்கண சுத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறார். நான் கொப்பரையையும் கிரைண்டரையும் மதிப்பிட்டு, கருப்பொருளை முதல் என்று எழுதி வைத்திருக்கிறேன். நிலத்தையும் பொழுதையும் விற்கச் சொல்லி, அதற்கு வங்கிக் கடனும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

'முதலாளி' என்ற சொல்லை நாம் பணக்காரர் என்ற பொருளில் பயன்படுத்திக் கெடுத்துவிட்டோம். முதலை ஆள்பவர் முதலாளி. தமக்கு எது முதல் என்று தெரிந்தவரால்தான் அதை ஆள முடியும். அந்தக் கணக்கில் அண்ணாச்சி முதலாளி, நான் எழுத்தர்.

வீட்டுக் கணக்கிலும் இதே குழப்பத்தை இப்போது நிறையப் பார்க்கிறேன். என்னிடம் வருமானவரிக் கணக்குக்கு வரும் இளைஞர்கள் பலர் என் வயதில் நான் கண்டிராத ஊதியம் பெறுகிறார்கள். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்து வாங்கும் ஊதியத்தில் உறக்கமும் முதுகெலும்பும் எவ்வளவு தேய்ந்தன என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒருவர் மருத்துவச் செலவுக்கு வரிக்கழிவு கேட்டு வந்தபோது, அவர் இத்தனை நாள் வருவாய் என்று காட்டியதில் எத்தனை பங்கு மந்தையைத் தின்றது என்று கணக்குப் போடத் தோன்றியது. பிள்ளைகளின் வீட்டுக்காக ஓய்வூதியப் பணம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரை வாங்க மருமகளின் முகத்தைப் பார்த்திருக்கும் பெற்றோரைப் பற்றியும் எழுதலாம். அது தனிக் கட்டுரையாகும்.

அண்ணாச்சி என்மீது சினம் கொள்ளவில்லை. கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஓராண்டு தள்ளுவண்டியில் சந்தை வாசலில் நின்றார். பிறகு உரக்கடைக்கு எதிரே பாதி அகலத்தில் ஓர் இடம் கிடைத்தது. மாவாட்டிய அக்கா திரும்பி வந்தார். இன்றும் கடை நடக்கிறது. நான்கு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. அவர் கணக்குக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

சென்ற மாதம் அவருடைய மகன் என் அலுவலகத்துக்கு வந்தார். புறவழிச் சாலையில் பெட்ரோல் நிலையத்தை ஒட்டி இரண்டாவது கடை போட வேண்டும், கடனுக்கு அறிக்கை தயாரித்துத் தாருங்கள் என்றார். இரவு முழுவதும் லாரிகள் நிற்கும் இடம் அது என்பதையும் சொன்னார். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஆனால் 'எவ்வளவு' என்று கேட்கவில்லை. "முதல் என்ன?" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, "அப்பாட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன் சார்" என்றார். படிவத்தின் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.